சலவை அறையில் ஒரு தலைவர்

அந்த மருத்துவமனையில் நெட்வொர்க் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் சித்தப்பா. பிரிவுக்குத் தலைவரும் அவரே. அவர் கிழித்த கோட்டை அவள் தாண்டக்கூடாது என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி வைத்திருந்தார்கள். அவளைத்தான் யாரும் கேட்கவில்லை.

அன்று காலை குழந்தைகள் வார்டில், நர்சுகளின் மேசைத் திரைகள் மறுபடி இருண்டன. சலவைக்கார அக்கா இஸ்திரிப் பெட்டியைச் செருக, சலவை அறையிலிருந்த ஸ்விட்சின், அதாவது கணினிகளை இணைக்கும் பெட்டியின், பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். பிறகு அதைத் திரும்பச் செருகிவிட்டார்கள்.

"அந்தம்மாவை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறாங்க. விஷயம் முடிஞ்சுது," என்றார் சித்தப்பா.

"எப்படி முடியும்? சலவை அறையில பிடுங்கினா வார்டு ஏன் இருட்டாகணும்?"

அவருக்கும் தெரியும். கேபிள்களில் தகவல் சுற்றிச் சுற்றி வந்து எல்லாம் ஸ்தம்பித்துவிடாமல் இருக்க, ஸ்விட்சுகள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். தலைவர் செத்தால், புது வழி பிறக்கும்வரை எல்லோரும் விழிபிதுங்க வேண்டியதுதான். யாருக்கு முன்னுரிமை என்று நாம் எண் கொடுக்காவிட்டால், பெரும்பாலும் இருப்பதிலேயே கிழட்டுப் பெட்டிக்குத்தான் யோகம். இங்கே அந்தக் கிழம் ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆஸ்பத்திரியையே ஆண்டுகொண்டிருந்தது. எண் கொடுக்காமல் விட்டவர் சித்தப்பா.

"இப்ப மாத்தினா, இத்தனை நாள் என்ன பண்ணேன்னு கேப்பாங்க. வாயை மூடிக்கிட்டு இரு."

"மூட மாட்டேன். ஒரு பாவப்பட்டவ தலையில பழியைக் கட்டிட்டுத் தூங்க எனக்கு வராது."

வார்டுக்குப் போன் செய்து, கொஞ்ச நேரம் திரையை நம்பாமல் கட்டிலுக்கு ஒருவராக நிற்கச் சொன்னாள். ஒவ்வொரு பிரிவுக்கும் விலான் என்ற தனி வலை, அதற்கொரு தனித் தலைவர் உண்டு; வார்டின் விலானுக்கு மட்டும், பிரதான அறை ஸ்விட்சின் முன்னுரிமை எண்ணைக் குறைத்து எழுதினாள். குறைந்த எண்ணுக்கே தலைமை.

"தொட்டே, உனக்கு இங்க வேலை இல்லை!"

எண்டர் விசையைத் தொட்டாள். திரைகள் ஒருமுறை இருண்டு, திரும்பி வந்தன.

அவள் சலவை அறைக்கு ஓடியபோது, அங்கே நிர்வாக அதிகாரி நின்றிருந்தார். அக்கா பையை எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே சித்தப்பாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"அக்கா, அந்தப் பிளக்கைப் பிடுங்குங்க."

"மறுபடியுமா? போதும் தாயே, ஆளை விடு!"

"நான் இருக்கேன். பிடுங்குங்க."

பிடுங்கினாள். அதிகாரி வார்டுக்குப் போன் போட்டார். "எல்லாம் நல்லா ஓடுதே, ஏன் சார்?" என்றாள் நர்ஸ். அதற்குள் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"எங்க திரை எல்லாம் போச்சு!"

"போகும். உங்க விலானுக்கு இன்னும் இந்தக் கிழம்தான் தலைவர்," என்றாள் அவள். "சார், தப்பு எங்க பிரிவோடது. அக்கா செஞ்சது இஸ்திரி போட்டது மட்டும்தான். அனுப்பறதா இருந்தா எங்களை அனுப்புங்க."

அதிகாரி அக்காவிடம் பையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். பிறகு அவள் காதருகே வந்து, "இனிமே என் வீட்டு வாசப்படியை மிதிக்காதே," என்றார்.

அவளுக்கு வலித்தது. தூக்கி வளர்த்த மனிதர்.

"மிதிக்கலை சித்தப்பா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "வழியை விடுங்க, கணக்குப் பிரிவுக்கும் மாத்தணும்."