மூன்று விளிம்புத் தண்டு

கன்னியாகுமரி முதல் பழவேற்காடு வரை மணலில் முளைக்கும் எந்தப் புல்லையும் ஓடுகிற பஸ்ஸில் இருந்தபடியே பெயர் சொல்லக்கூடிய ஒரே மனிதர், எங்கள் தாவரவியல் பேராசிரியர் கோமதிசங்கர். இதைச் சொன்னவர் பேராசிரியர் கோமதிசங்கர்.

என் வகுப்புத்தோழி முஃபீதாவின் இறுதியாண்டு ஆய்வு கடற்கரைக் கோரை ஒன்றைப் பற்றியது. கொற்கைக்குக் கிழக்கே, ஆறு கடலில் சேரும் மணல்மேட்டில் வெயிலில் வெந்து அதைத் தேடி எடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை வைவா, வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டில் பேராசிரியர் கையெழுத்து இல்லாமல் போய் உட்கார முடியாது.

லேபில் முஃபீதா ஆய்வேட்டோடு மேசையில் வைத்த செடியை அவர் தொடவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே பார்த்தார்.

"இது வெறும் புல்லு. கோரையே இல்ல. அடுத்த வருசம் வேற தலைப்போட வா."

"தண்டுல கணு இல்ல சார். இலை மூணு வரிசையா வருது, புல்லுன்னா ரெண்டுதான். இப்படி உருட்டிப் பாருங்க, மூணு விளிம்பு விரல்ல தட்டும்." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிக் காட்டினாள்.

"என்னம்மா, பீடி சுத்துதியா? மேலப்பாளையத்துப் பழக்கத்த லேப்ல காட்டாத."

நாலு பேர் சிரித்தார்கள். மேலப்பாளையத்தில் பாதி வீடுகளுக்குப் பீடிதான் பிழைப்பு; முஃபீதாவின் அம்மாவும் பீடி சுற்றுகிறவர்தான். சாருடைய அம்மா என்ன வேலை பார்த்தார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அது எங்கள் மரியாதை.

வராந்தாவில் அவளை மறித்துக் கேட்டேன்.

"பேசாம வந்துட்டியே. நறுக்குன்னு நாலு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா கையெழுத்து போட்ருவாரா?"

"போடமாட்டாரு. எனக்கு மனசு ஆறும்."

"உன் மனசு ஆற என் டிகிரிதான் கெடச்சுதா லே?"

செடியும் ஆய்வேடும் அவர் மேசையிலேயே கிடந்தன. இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கிறேன் என்று திரும்பி நடந்தாள். அவர் மூஞ்சிக்கு நேராகச் சொல்ல வேண்டியதை எல்லாம் பல்லுக்குள் மென்றுகொண்டு நானும் பின்னால் போனேன்.

லேபில் வேறு யாரும் இல்லை. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வலது கையின் இரு விரலுக்கு நடுவே கோரைத் தண்டு பைய உருண்டது. நின்றது. மறுபடி உருண்டது.

எட்டிப் பார்த்தால், மடியில் ஆய்வேடு கையெழுத்துப் பக்கத்தில் விரிந்திருந்தது. இடது கை பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தது. வலது கை இன்னும் தண்டை விடவில்லை.