மூன்றரை மணிப் பொய்

லைல் பெக்டல் தூண்டில் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது காலை மணி ஏழு. மீசையின் இரண்டு முனையிலும் பனிக் குச்சிகள் தொங்கின. மூக்கு, ஹாய்ட் தன் கடையில் விற்கிற சிவப்பு ரப்பர் புழுவின் நிறத்துக்கு வந்திருந்தது. தூண்டில் கோலின் வளையங்களில் ஐஸ் அடைத்து நைலான் நரம்பு நகராமல் நின்றுவிட்டிருந்தது. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரல்களை மடக்க முடியாமல், இரண்டு உள்ளங்கைகளாலும் காப்பிக் கோப்பையைக் கரடி தேன்கூட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்தான். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று கிழவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஒருவர் இருமினால்கூட மற்ற இருவரும் சிரித்துத் தரையில் உருண்டுவிடும் நிலைமை.

"கடிச்சுதா?" என்றார் வெர்லன் டாக்கெட், சாவு வீட்டில் விசாரிக்கிற குரலில்.

"ஒண்ணுகூட இல்லண்ணே."

"எத்தன மணிக்கு எறங்குன?"

"நாலரைக்கு. நீங்க சொன்ன மாதிரியே."

வெர்லன் உச்சுக்கொட்டினார். "கெட்டுது போ. நாலரைங்கறது போன வாரத்துக் கணக்குய்யா. வாரம் ஏற ஏற மீன் முன்னாடியே முழிச்சுக்கும். இனிமே மூணரை."

"கழுத்துல மத்தி எண்ணெ தடவிக்கிட்டியா?" என்று கேட்டார் ரேபர்ன்.

"தடவலியே."

"அப்புறம் எப்படிய்யா கடிக்கும்? மனுச வாசம் அடிச்சா பாஸ் மீனு கிட்ட வருமா? உன் வீட்டுக்காரிக்கே நீ குளிச்சாத்தான புடிக்கும்?"

லைல் பேனாவை எடுத்து உள்ளங்கையில் 'மத்தி' என்று எழுதப் பார்த்தான். மை உறைந்திருந்தது. ஊதி ஊதி, தொடையில் தேய்த்து, எழுதியே தீர்த்தான். அவன் போய்க் கதவு சாத்தியதும் சிரிப்பில் கடையின் தகரக் கூரை இரண்டு அங்குலம் மேலே எழும்பி இறங்கியது. ஹாய்ட் தன் பல் செட்டைக் காப்பிக்குள் விட்டுவிட்டுத் தேடினார்.

அந்த அடுப்படியில் உண்மை பேசக்கூடாது என்பது அலபாமா மாநிலச் சட்டத்தைவிடக் கறாரான சட்டம். பிடித்த மீனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று மட்டும் ஒருவனும் இன்னொருவனைக் கேட்கக்கூடாது. கேட்டுவிட்டால் பொய்தான் பதில். உள்ளூரில் பிறந்த பிள்ளை பால் பல் விழுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளும். லைல் ஒஹையோவிலிருந்து வந்தவன். நாற்பது வருடம் குளிர்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஒரு சாமானைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அதைச் செய்கிறவனைக் கேட்க வேண்டும் என்று அங்கே பழகியிருந்தான். நேராக வந்து, தொப்பியைக் கழற்றி, "மார்ச் மாசத் தொடக்கத்துல பாஸ் புடிக்க எந்த நேரம்ணே நல்லது?" என்று கேட்டுவிட்டான். அதுவும் வெர்லனிடமே கேட்டான்.

உண்மையான நேரம் ஏரியைச் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு. மார்ச் முதல் வாரங்களில் ராத்திரியில் ஏரி செத்துக் கிடக்கும். கால் விரலை வைத்தால் பெற்ற அப்பன் பெயர் மறந்துபோகும். மீனெல்லாம் ஆழத்தில் உடம்பை அசைக்காமல் நிற்கும். வடகரைப் பாறைகளில் காலையிலிருந்து வெயில் விழுந்து விழுந்து, ஒன்றரை மணி வாக்கில் கரையோரத் தண்ணீர் இரண்டு டிகிரி ஏறும். அந்த இரண்டு டிகிரிக்காக முட்டை சுமந்த பெரிய மீன்கள் கல்யாணப் பந்திக்கு வருகிற மாதிரி வரிசையாகக் கரைக்கு ஏறி வரும். கோடையில் விடிகாலைதான் வேட்டை என்பதால் வெளியூர்க்காரன் எவனும் விடிகாலையை நம்புவான். அந்த நம்பிக்கையில் வெர்லன் விரல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான்.

வேறு எவனாவது கேட்டிருந்தால் இரண்டு நாள் சிரித்துவிட்டு விட்டிருப்பார். கேட்டவன் நெல்டாவின் புருஷன். நெல்டா இருபத்தாறு வருடம் வெர்லனின் பெண்டாட்டியாக இருந்தவள். நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு சண்டைகூடப் போடாமல், அவருடைய தூண்டில் பெட்டிகள் பதினேழையும் வாசலில் அடுக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். வீடு அவளுக்குப் போயிற்று. வடகரைக் குடாவுக்கு நேர் மேலே இருக்கிற வீடு, அதன் கூரைப் பலகை ஒவ்வொன்றும் வெர்லன் அடித்தது. போன வசந்தத்தில் அந்தக் கூரைக்குக் கீழே இந்த லைல் வந்து படுத்தான். இப்போது வெர்லனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை. அவன் தினமும் வெறுங்கையோடு அந்த வீட்டுப் படியேற வேண்டும், நெல்டா அதைப் பார்க்க வேண்டும். பார்த்து, தான் வாசலில் அடுக்கி வைத்த பதினேழு பெட்டிகளையும் ஒரு தரம் நினைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

லைல் மூன்றரைக்குப் போனான். வெறுங்கை. மூன்றுக்குப் போகச் சொன்னார்கள், போனான். சிவப்புத் தொப்பி மீனுக்கு ஆகாது என்றார்கள், வெறுந்தலையோடு போய்க் காது மடல் கறுத்து வந்தான். படகில் உட்காரக்கூடாது, நிழல் பரவும் என்றார்கள். மூன்று மணி நேரம் நின்றான், முழங்கால் பூட்டிக்கொண்டது, ஹாய்ட் போய் அவனை மரக்கட்டை மாதிரி தூக்கிக் கரையில் வைத்தார். மத்தி எண்ணெய் வாசத்துக்கு ஊர்ப் பூனையெல்லாம் படகுத்துறையில் வந்து காத்திருந்தன. வெர்லன் தான் மத்தியானம் பிடித்த எட்டுப் பவுண்டு மீனின் படத்தைக் கடைச் சுவரில் குத்தி, கீழே 'அதிகாலை 2:50' என்று எழுதி வைத்தார். லைல் அந்தப் படத்தின் முன்னால் பூசையில் நிற்கிற மாதிரி நின்றான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், ஒன்றரை மணிக்கு வெர்லன் துறையில் படகை இறக்கிக்கொண்டிருந்தபோது நெல்டா வந்தாள். லைலின் பெரிய கோட்டு அவள் முழங்கால் வரை தொங்கியது. வெர்லனுக்கு நெஞ்சு கோழிக் குஞ்சு மாதிரி துடித்தது. வந்துவிட்டாள். திட்டப் போகிறாள். திட்டினால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று யார் கண்டது.

"அவர்ட்ட விடிகாலைனு சொன்னது நீதான?" என்றாள்.

"கேட்டான், சொன்னேன்."

"ரொம்ப நன்றி."

வெர்லன் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எட்டு மணிக்கு வர்றாரு. வெந்நி வெச்சு அண்டாவுல கால ஊற வைக்கறேன். பிஸ்கட் ரொட்டியும் குழம்பும் ஊட்டி விடறேன், வெரல் மடங்காதுல்ல. பேசிக்கிட்டே இருப்பாரு. தண்ணி எப்படி இருந்துச்சு, நட்சத்திரம் எப்படி இருந்துச்சுனு. கழுவ ஒரு மீனு கெடையாது. நீ இருபத்தாறு வருசம் சாயங்காலம் வந்து தொட்டில மீனக் கொட்டிட்டுக் குறட்ட விட்டியே, அந்தச் செதிலு இன்னும் என் நகத்துக்குள்ள இருக்கு." அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "மத்தியானம் ரெண்டு பேரும் படுத்துக்குவோம். சன்னல் வழியா உன் படகு தெரியும். யாரு அதுனு கேட்டாரு. வீட்டுல அடங்காம பீர் குடிக்க வர்ற கெழவன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நெல்டா..."

"நேரத்த மாத்திக் கீத்திச் சொல்லிராத, என்ன?" என்றாள். மளிகைக் கடையில் பாக்கெட்டைக் கிழித்துவிடாதே என்று சொல்கிற மாதிரி சொன்னாள். திரும்பி நடந்தாள். மேட்டில் ஏறும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். இருபத்தாறு வருடத்தில் அவள் பாடி வெர்லன் கேட்டதில்லை.

அன்றைக்கு அவர் ஏரிக்குள் போகவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டார். விடியும்போது ஒரு முடிவுக்கு வந்தார். அந்த அடுப்படியில் நாற்பது வருடத்தில் ஒருவனும் செய்யாத அயோக்கியத்தனம் அது.

ஏழு மணிக்கு லைல் காதில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தான். வெர்லன் எழுந்து நின்றார்.

"லைலு, கேட்டுக்க. விடிகாலை பொய். மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு. வடகரைக் குடா, உன் வீட்டுக்குக் கீழ, கோழிமுட்டைப் பாறைக்கு இந்தப் பக்கம். ஆறடித் தண்ணி. மெதுவா இழு."

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. ரேபர்னின் வாயிலிருந்து புகையிலைச் சாறு வழிந்து தாடியில் நின்றது. ஹாய்ட், பட்டப்பகலில் ஒருவன் துணியை அவிழ்த்துவிட்டதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அந்தக் குடாதான் மூன்று பேருக்கும் சோறு.

முதலில் தேறியவர் ரேபர்ன். "மத்தியானமாம்ல மத்தியானம்!" என்று தொடையில் தட்டினார். "கேட்டியா ஹாய்ட்? மத்தியானத்துல எவன்யா பாஸ் புடிப்பான்? ஏன்யா வெர்லா, ஒஹையோக்காரன்னா அவ்வளவு எளக்காரமா?"

"பாவம்யா, வுட்ரு," என்றார் ஹாய்ட். "பொய்யச் சொன்னாலும் பொருந்தச் சொல்லு."

"சத்தியமா சொல்றேன்டா! பைபிள கொண்டா, அடிச்சுச் சொல்றேன்!"

"போன வருசமும் பைபிள அடிச்சுத்தான் சொன்ன, நீ புடிச்ச மீனு உன் நாய முழுங்கிருச்சுனு," என்றார் ரேபர்ன்.

லைல் சிரித்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அந்த அடுப்படியில் அவனும் சேர்ந்து சிரித்தான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெர்லனின் தோளில் கை போட்டான். கை பனிக்கட்டியாக இருந்தது, சட்டையைத் தாண்டி எலும்பில் உறைத்தது.

"நெல்டா முன்னாடியே சொல்லிட்டாண்ணே. வெர்லன் ஒரு நாளு மத்தியானம்னு சொல்வாரு, நம்பிறாதீங்கன்னு." குரலைத் தாழ்த்திக் கண்ணைச் சிமிட்டினான். "அதோட மத்தியானத்துல எனக்கு எங்கண்ணே நேரம்?"

சிரிப்பு வெடித்தது. ஹாய்ட் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். ரேபர்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெர்லனைக் காட்டினார், காட்டிவிட்டு மறுபடி சிரித்தார். லைலுக்கு நாற்காலி நகர்த்திப் போட்டார்கள், அடுப்புக்குப் பக்கத்தில்.

இரண்டேகாலுக்கு வெர்லன் குடாவில் இருந்தார். மூன்றாவது வீச்சில் நரம்பு இறுகியது. கோல் வில்லாக வளைந்து படகு பக்கவாட்டில் இழுபட்டது. ஏரியின் அடித்தளமே கழன்று வருகிற கனம். கால் மணி நேரம் கழித்து அவர் கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டுத் தூக்கினார். பதினோரு பவுண்டுக்குக் குறையாது, முட்டை கனத்த தாய் மீன். ஆயுளில் பார்த்ததில் பெரியது.

படகில் எழுந்து நின்று, மேட்டு வீட்டுச் சன்னலைப் பார்த்து அதை உயர்த்திப் பிடித்தார். புகைபோக்கியில் புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. சன்னலில் வெயில் பட்டுக் கண் கூசியது. உள்ளே யாராவது இருக்கிறார்களா, இல்லையா என்று தெரியவில்லை. மீன் செவுளை அகலத் திறந்து மூடியது, திறந்து மூடியது. கனத்தில் கை இறங்கியது. இன்னொரு கையையும் கொடுத்து இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார்.