ஈரக் குடையும் எட்டு ஜிபியும்

அண்ணன் அழித்தது மொத்தம் நாற்பத்தொரு கதைகள். அழிக்கும் முன் ஒன்றைத் திறந்து, கூடத்தில் இருந்த அம்மாவுக்கும் அண்ணிக்கும் கேட்கிற மாதிரி முதல் வரியை வாசித்தான்.

“‘மழை நின்ற பிறகு அவள் குடையை விரித்தாள்.’ கேட்டீங்களா? மழை நின்ன பிறகு குடை எதுக்குடி, ஊமச்சி? இந்தக் குப்பையெல்லாம் அடைச்சுக்கிட்டு இருக்கிறதாலதான் கம்ப்யூட்டர் நொண்டுது.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருந்ததோடு சரி. கதவோரம் நின்ற தங்கை, தான் எழுதிய ஒன்றரை வருஷம் ஒரு பொத்தானில் காணாமல் போவதைப் பார்த்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் அவள். நாலு கேள்வி கேட்டால் அரை பதில் சொல்வாள். அதனால் வீட்டில் ஊமச்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கம்ப்யூட்டர் அதற்குப் பிறகும் நொண்டியது.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்கா கம்ப்யூட்டர் பழுதும் பார்ப்பாள். அவளிடம் ஊமச்சி விஷயத்தைச் சொன்னபோது அக்கா கை வேலையை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“உன் கதையெல்லாம் அலமாரியில மடிச்சு வெச்ச துணி மாதிரி. மெமரிங்கிறது நீ உக்காந்து வேலை செய்ற மேசை. மேசை சின்னதா இருந்தா அலமாரியைக் காலி பண்ணி என்ன ஆகப்போகுது?”

“அப்போ சும்மாவே அழிச்சிட்டானா?”

“சும்மாவேதான்.”

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஊமச்சி கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். மதர்போர்டின் எண்ணை எழுதிக்கொண்டு, உள்ளே இருந்த மெமரியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனாள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது டிடிஆர் த்ரீங்கிற பழைய வகை. இப்போ கடையில கண்ணுல படுறதெல்லாம் ஃபோர். பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா அடியில வெட்டு இடம் மாறியிருக்கும். எவ்வளவு அமுக்கினாலும் உக்காராது. உங்க போர்டுல ரெண்டு இடம் இருக்கு. ஒவ்வொண்ணும் எட்டு ஜிபி தாங்கும்.”

பழையதை அன்றே திரும்பப் பொருத்திவிட்டு, ஊமச்சி அந்தக் கடையில் மூன்று மத்தியானம் மனு தட்டச்சு செய்து கொடுத்தாள். கூலிக்குப் பதிலாக எட்டு ஜிபி டிடிஆர் த்ரீ ஒன்றை வாங்கி வந்து, துணிகளுக்கு அடியில் வைத்தாள். அண்ணனாகக் கேட்கும்வரை அது அங்கேதான் இருக்கும் என்று முடிவு செய்திருந்தாள்.

அந்த நாளும் வந்தது. அண்ணனுக்குக் கிளை மேலாளர் பதவிக்கு நேர்காணல். ஞாயிறு பதினோரு மணி, கம்ப்யூட்டர் வழியாக. திரையிலேயே ஒரு தேர்வும் உண்டு, போனில் செய்ய முடியாது. அலுவலகத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, சனிக்கிழமை மெமரி வாங்கக் கிளம்பினான்.

“பழசைக் கழட்டி என்ன வகைன்னு பாத்துட்டு வாங்கு, அண்ணா” என்றாள் ஊமச்சி.

“மெமரின்னா மெமரிதான். எட்டாங்கிளாஸு எனக்குப் பாடம் எடுக்குது.”

அந்தப் பதில் வராமல் போயிருந்தால் அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணன் பழையதைப் பிடுங்கிவிட்டு, புதியதை அதே இடத்தில் வைத்தான். உட்காரவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினான். படக்கென்று பிடிப்புக் கொக்கி உடைந்து நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது. பழையதையே திரும்ப வைத்துப் பார்த்தான். அது சாய்ந்துகொண்டு நின்றது. பொத்தானை அழுத்தினால் திரை கறுப்பு, பீப் பீப் என்ற சத்தம் மட்டும்.

“என்னங்க, இப்படிக் கத்துது?” என்றாள் அண்ணி.

“நீ சும்மா இரு.”

கடைக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை, எடுப்பார் இல்லை. மணி பத்து இருபத்தைந்து. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் கதவோரம் பார்த்தான்.

“ஏய்... உனக்கு ஏதாச்சும் தெரியுமா?”

ஊமச்சி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். “இது பொருந்தும்.”

“குடு.”

“மொதல்ல இதை வாசி.” அழிந்த கதையை ஞாபகத்திலிருந்து எழுதிவைத்த ஒரு நோட்டை மறு கையால் நீட்டினாள். “கூடத்துக்குக் கேக்கணும். அன்னிக்கு வாசிச்ச மாதிரியே.”

“விளையாடாதடி, நேரமாகுது.”

“அதான் சொல்றேன், நேரமாகுது.”

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

“‘மழை நின்ற பிறகு அவள் குடையை விரித்தாள்...’” அத்தோடு நிறுத்தினான். அவன் அன்றைக்கு வாசிக்காத அடுத்த வரி கீழே இருந்தது. “‘ஈரத்தோடு மடித்து வைத்தால் கம்பி துருப்பிடித்துவிடும்.’”

“நியாயந்தானே” என்றாள் அம்மா. அண்ணி இந்தத் தடவை வாயைப் பொத்தாமலே சிரித்தாள்.

நாலு பக்கம். அவன் விழுங்கிய இடங்களில் எல்லாம் “திரும்ப” என்றாள் ஊமச்சி. முடித்தபோது மணி பத்து ஐம்பது. அவள் மின்சாரத்தை நிறுத்தி, உடைந்த இடத்தை விட்டுவிட்டு இரண்டாவது இடத்தில் வெட்டைப் பார்த்து வைத்து அமுக்கினாள். இரண்டு பக்கமும் கொக்கி டக் டக் என்று பிடித்தது. திரை வெளிச்சமானது.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு எழுந்தான். “நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டாவது சுற்றும் இருக்காம், கடைசி சுற்று. பரவாயில்லடி, நம்ம கம்ப்யூட்டர் பறக்குது.”

ஊமச்சி கம்ப்யூட்டரை அணைத்தாள், தகட்டைத் திறந்தாள், எட்டு ஜிபியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பழையதை அந்த இடத்தில் வைத்தாள்.

“ஏய், என்ன பண்ற?”

“இது என்னோடது. நீ வாங்கினது மேசை மேல கிடக்கு.”

“நாளைக்கு இந்த நொண்டியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

“ஒரு கதை வாசிச்சா ஒரு நாளைக்குத் தர்றேன். இன்னும் நாப்பது இருக்கு.”

அறைக்குப் போய்ப் புதுப் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாவது கதையை அவள் இன்னும் திரும்ப எழுதியிருக்கவில்லை. பழைய கதையில் அண்ணன் என்று யாரும் கிடையாது. இதில் வருவான், முதல் வரியிலேயே வருவான்.