நாலாவது தடவை

மன்ஜீலில் மரங்கள் நிமிர்ந்து வளர்வதில்லை. காற்று தள்ளிய பக்கமே தெற்கே சாய்ந்து, சாய்ந்தபடியே அவற்றுக்கு வயதாகிவிடுகிறது. நான் வடக்கே போய்க்கொண்டிருந்தேன்.

நாட்டின் தென்கோடியில், பூஷெஹ்ரில், எங்கள் தெருமுனைக் கடலில் சைக்கிளின் பின்சக்கரத்தை நனைத்துவிட்டுக் கிளம்பியிருந்தேன். முன்சக்கரத்தை அன்சலியில், காஸ்பியன் கடலில் நனைக்க வேண்டும். நடுவில் ஒரு சாண் தூரத்தைக்கூட மிதிக்காமல், எந்த வண்டியிலும் ஏறிக் கடக்கக்கூடாது. சட்டம் என்னுடையது. போட வைத்தவன் என் அண்ணன் பஹ்மன். இதே சாலையில் பஸ் ஓட்டுகிறவன். சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சொன்னான்:

"மலையெல்லாம் ஏறிடுவ, ஃபரங்கீஸ். ஆனா மன்ஜீல் காத்து என் பஸ்ஸையே உலுக்கும்டி. அங்க எவனாவது வண்டிக்காரன்கிட்ட 'அண்ணே, அண்ணே'ன்னு கெஞ்சிக்கிட்டு நிப்ப பாரு."

அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

லோஷான் ஊரைத் தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. அந்த இடுக்கு வழியாகக் காஸ்பியன் தன் மூச்சையெல்லாம் என் முகத்தில் ஊதியது. சிறிது நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டது. அது மேலிருந்து விழவில்லை. யாரோ எதிரே நின்று கைநிறையப் பருப்பை அள்ளி வீசுவதுபோல நேராக வந்தது. தலைத்துணி கழுத்தை இறுக்கியது. இருப்பதிலேயே லேசான கியரில் மிதித்தும் ஒரு கிழட்டுக் கழுதை என்னை முந்தியிருக்கும். மலைமுகட்டில் வரிசையாக நின்ற காற்றாலைகள் தலையை ஆட்டி ஆட்டி என்னைப் பற்றியே பேசிக்கொள்வதுபோல் இருந்தது.

"வா," என்றேன் காற்றிடம். "இன்னும் வா."

வந்தது. சாலையோரச் சரளையில் என்னைச் சாய்த்துப் போட்டது. முழங்கை சிராய்த்தது. எழுந்து மறுபடி ஏறினேன்.

அப்போதுதான் ஒரு நீல நிற நிசான் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் காலி ஆலிவ் பீப்பாய்கள் முட்டிக்கொண்டு கத்தின. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். நரைத்த மீசை, கம்பளித் தொப்பி.

"தங்கச்சி, என்னம்மா இது, உசுரோட விளையாட்டா? ரூத்பார் வரைக்கும் போறேன். சைக்கிளைத் தூக்கிப் போடட்டுமா?"

"ரொம்ப நன்றிங்க அண்ணே. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"எனக்கு என்ன சிரமம்? காலி வண்டி."

"உங்க நிழல் குறையாம இருக்கணும். நான் மெதுவா வந்துக்கறேன்."

"என் தலைமேல வச்சுக் கொண்டுபோறேன் தங்கச்சி, கூச்சப்படாதீங்க!"

"உங்க கைக்கு வலி வேண்டாம் அண்ணே. நீங்க போங்க."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். தவறு அங்கேதான் நடந்தது. எங்கள் நாட்டில், ஒருவர் கொடுக்க வந்த உடனே கை நீட்டுகிறவன் வளர்ப்புச் சரியில்லாதவன். மூன்று தடவை மறுக்க வேண்டும். கொடுக்கிறவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கொடுத்துவிட வேண்டும். நானோ உண்மையான மறுப்பை அந்தப் பழைய சர்க்கரைக் காகிதத்திலேயே சுற்றிக் கொடுத்திருந்தேன்.

மன்ஜீலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தேநீர்க் கடை. அதன் வாசலில் அந்த நீல வண்டியும் நின்றிருந்தது. அவர் பீப்பாய்களைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். கடைக்கார அம்மாள் அக்தர் என்னை அடுப்போரம் தள்ளி, கையில் தேநீரைத் திணித்தாள். விரல்களுக்கு உயிர் வந்தது. வெளியே ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது சுவர் மட்டும் இருந்தது.

"அக்கா! என் சைக்கிள்!"

"நீல வண்டிக்கார யதுல்லா எடுத்துட்டுப் போனாருமா," என்றாள் அக்தர் நிம்மதியாக. "தனியா வர்ற பொண்ணு, வண்டியில ஏறுன்னா கூச்சப்படும், சைக்கிளை மட்டும் நான் கொண்டுபோய் ரூத்பார் மசூதிக்கிட்ட வைக்கிறேன், பின்னாலேயே டாக்ஸியில வரட்டும்னு சொன்னாரு. தங்கமான மனுஷன்."

அந்தத் தங்கமான மனுஷனை அந்த நிமிடம் மன்ஜீல் அணைக்கட்டில் தள்ளியிருப்பேன். மூலையில் இருந்த இரண்டு லாரிக்காரர்கள் சூதாட்டப் பலகையிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்கள். அக்தர் தன் போனில் யதுல்லாவைப் பிடித்துக் கொடுத்தாள்.

"அண்ணே, மன்னிக்கணும், உங்களுக்கு வீண் சிரமம்..." என்று என் வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது.

"அட, சிரமமே இல்ல தங்கச்சி!" சிரித்தார். "பாதி வழி வந்துட்டேன். வீட்டுல சொல்லிட்டேன், ராத்திரி சாப்பாடும் எங்க வீட்டுலதான்."

பஹ்மனின் முகம் தெரிந்தது. அம்மாவின் சிரிப்பு கேட்டது. இன்னும் ஒரு மரியாதை வார்த்தை சொன்னால் என் பயணம் இந்தக் கடையிலேயே முடிந்துவிடும்.

"ஐயா," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு உங்க உதவி வேண்டாம். நான் கடல்லேருந்து கடலுக்கு மிதிச்சுப் போறவ. வண்டியைத் திருப்புங்க. என் சைக்கிளை எடுத்த இடத்துலயே கொண்டுவந்து வைங்க. இப்பவே."

பகடை உருட்டும் சத்தம் நின்றது. அக்தர் கன்னத்தில் கை வைத்தாள். போன் இணைப்பு அறுந்தது.

"பெரிய மனுஷர்கிட்ட இப்படியா பேசுவாங்க?" என்றான் லாரிக்காரர்களில் ஒருவன்.

"இப்படித்தான் பேசணும்னு இப்பதான் தெரிஞ்சுது," என்றேன்.

வாசலில் மழையில் நின்றேன். வரமாட்டார் என்று நினைத்தபோது நீல வண்டி வந்தது. யதுல்லா இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல், சைக்கிளை அதே சுவரில் அதே கோணத்தில் சாய்த்து வைத்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"மூணு தடவை சொன்னேனே அண்ணே!"

"மூணு தடவை எல்லாரும்தான் சொல்லுவாங்க." மீசையில் வழிந்த மழையைத் துடைத்தார். "நாலாவது தடவை சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

நான் ஏறி மிதித்தேன். அவரும் வண்டியைக் கிளப்பிப் பக்கத்தில் ஊர்ந்து வந்தார்.

"முன்னால போகட்டுமா? காத்தைக் கொஞ்சம் மறைக்கும்."

"வேண்டாம்."

அவர் மறுபடி கேட்கவில்லை. பின்னால் போய், விளக்குகளை மினுக்கிக்கொண்டே, மற்ற லாரிகள் என்னை உரசாதபடி சாலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மன்ஜீல் முழுவதும், பாலம், அணைக்கரை, எல்லா இடத்திலும் காற்று என் நெஞ்சில்தான் மோதியது. இரண்டு தடவை விழுந்தேன். இரண்டு தடவையும் அவர் இறங்கவில்லை. ஹாரனை மட்டும் ஒருமுறை அடித்தார், எழுந்திரு என்பதுபோல.

ரூத்பாரின் ஆலிவ் மரங்கள் நேராக நின்றன. அங்கேதான் காற்று என்னை விட்டது. மசூதி ஓரம் நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றினேன். யதுல்லா ஒரு ஜாடி ஆலிவை நீட்டினார்.

"எடுத்துக்கோங்க தங்கச்சி."

"குடுங்க," என்று முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

போன் அடித்தது. பஹ்மன்.

"மன்ஜீல் வந்துட்டியா? எந்த லாரிடி?"

வாயிலிருந்த கொட்டையைத் துப்பினேன்.

"மன்ஜீல் பின்னால இருக்கு," என்றேன். "நாளைக்கு அன்சலி. பஸ்ஸை ஓரமா ஓட்டு. வழியில நான் வருவேன்."