கடற்கரைக்குப் போன நிழல்கள்

ஊரில் எவன் நிழல் ஓடிப்போனாலும் தன் நிழல் ஓடாது, ஓடினாலும் கெஞ்சிக் கூப்பிடத் தான் போகப்போவதில்லை என்று சோமசேகரன் 1976 கத்திரி வெயிலில் கல்லூரி வாசலில் நின்று அறிவித்தான். அந்த வருஷம் வெள்ளரிப் பிஞ்சு விலை ஏறியிருந்தது. நிழல்களும் கொஞ்சம் முன்னதாகவே கடற்கரைக்குப் போய்விட்டிருந்தன.

காரைக்காலில் கோடை அப்படித்தான் வரும். சித்திரை பாதியில் கடைத்தெரு பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும். கொட்டகையில் பகல் காட்சி நின்றுபோகும். பாட்டுக் கச்சேரி, பட்டிமன்றம், மாதா கோயில் வாலிபர் நாடகம் எல்லாம் பொழுது சாயக் கடற்கரை மணலுக்கு இடம் மாறும். காற்று அங்கேதான் என்று தெரிந்த நிழல்கள் மத்தியானமே கிளம்பிவிடும். சாயங்காலம் நிழலுக்கு உரியவரோ வீட்டு ஆட்கள் யாராவதோ போய், ஈரத்துண்டை விரித்து, நாலு பேர் காதில் விழும்படி கெஞ்ச வேண்டும். வாய்க்குள் முனகினால் வராது. துண்டில் வந்து படுத்ததும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பலாம். வலை காயப்போட இடமில்லை என்று கருக்களாச்சேரி மீனவர்கள் சண்டைபிடித்தது தவிர இதில் யாருக்கும் புகாரில்லை.

சோமசேகரனின் அப்பா தெட்சிணாமூர்த்தி, கணக்கு வாத்தியார், தினமும் போவார். தன் நிழலையே மரியாதையாகத்தான் கூப்பிடுவார். "வாங்களேன், ரசம் ஆறிப்போவுது. அப்பளம் வேற பொரிச்சிருக்கு."

அந்தக் கோடையில் சோமசேகரன் கடற்கரை மேடையில் நாடகம் போட்டான். அப்பாவின் கண்ணாடி, அப்பாவின் இருமல், அப்பாவுடையதைப் போலவே ஒரு துண்டு. நிழலென்று போட்டிருந்த ஒரு பழைய கோணிச் சாக்கைப் பார்த்து, "வாங்களேன், அப்பளம் பொரிச்சிருக்கு" என்று அழுதான். ஊர் மணலில் புரண்டு சிரித்தது. "டேய், அசல் வாத்தியாரேதான்டா!" என்று கூட்டாளி பிலோமின்ராஜ் கத்தினான். முன்வரிசையில் தெட்சிணாமூர்த்தியும் சிரித்தார். சோமசேகரன் வேஷம் கலைத்துவிட்டு வந்தபோது அவர் இருந்த இடத்தில் ஈரத்துண்டு மட்டும் கிடந்தது.

மறுநாளிலிருந்து அவர் கடற்கரைக்குப் போகவில்லை. "இருக்கட்டும், அதுக்குக் காத்து வேணுமாம்" என்றார். ஐப்பசி மழையில், யாரும் கூப்பிடாமல் விட்ட நிழல்கள்கூடத் தாமாகவே வீடு திரும்பின; அவருடையது வரவில்லை. வெயிலுக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய், இருட்டியபின் வந்தார். கரும்பலகையில் அவர் கைநிழல் விழாததைப் பார்த்துப் பையன்கள் அப்பள வசனத்தைச் சொன்னார்கள். சில வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு உள்ளறையில் உட்கார்ந்துகொண்டார். மகனை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அதுதான் சோமசேகரனுக்குச் சோறு இறங்காமல் செய்தது. அவன் நிழல் மட்டும், அவன் சொன்னபடியே, காலடியை விட்டு நகரவில்லை.

1981 கோடையில் அம்மா சௌந்தரவல்லி ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அவன் கையில் கொடுத்தாள்.

"எல்லாரும் இருப்பாங்கம்மா."

"அன்னிக்கும் எல்லாருந்தான் இருந்தாங்க."

கடற்கரையில் கச்சேரிக் கூட்டம். அப்பாவின் நிழல் ஒரு கட்டுமரத்தோரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தது. சோமசேகரன் துண்டை விரித்து முனகினான். அது கடலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்கப்பா," என்றான் வாய்விட்டு. "ரசம் ஆறிப்போவுது. அப்பளம் பொரிச்சிருக்கு."

பிலோமின்ராஜ் புது நாடகமென்று நினைத்துக் கைதட்டினான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சோமசேகரன் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டான். நிழல் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தது.