பாடத்தோடு கிளம்பிய புளியமரங்கள்

மேலப்பாறையில் ஒரு வரலாற்றுப் பாடம் தப்பு என்று ஊரறியத் தெரிந்துவிட்டால், அந்தப் பாடத்தில் வருகிறதெல்லாம் மறுநாள் காலையில் ஊரைவிட்டுக் கிளம்பிவிடும். போன பங்குனியில் ராணி குளித்த குளம் இப்படித்தான் மீன்களையும் படித்துறையையும் சுருட்டிக்கொண்டு போனது. அப்படி ஒரு ராணியே இருந்ததில்லையாம். ஊர்க்காரர்கள் பஸ் ஸ்டாண்டுவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்கள். வேறென்ன செய்வது?

இந்தமுறை தப்பைக் கண்டுபிடித்தது அஞ்சுகம் டீச்சர். பள்ளிக்கூட வாசலில் நட்டிருந்த அறுநூறு வருஷத்துக் கல்வெட்டின் மேல்பாதியைத்தான் ஊரே பரம்பரையாக ஒப்பித்துவந்தது: 'மன்னர் விசயமாறன் சாலை அமைத்தார், இருபுறமும் மரங்களை நட்டார்.' கீழ்ப்பாதி மண்ணுக்குள் கிடந்தது. அதைத் தோண்டிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பரீட்சைக்கு மேல்பாதியே போதுமே! அஞ்சுகம் தோண்டிவிட்டாள். குயவர் தெருவை இடித்துத்தான் சாலை போட்டது, வீடிழந்த சனங்களை மிரட்டித்தான் மரம் நடவைத்தது என்று கீழ்ப்பாதி பச்சையாகச் சொன்னது.

அந்தப் புளியமரங்களுக்குக் கீழேதான் அவளும் அண்ணன் மணவாளனும் பள்ளிக்கூடம் போனார்கள். அண்ணன் பாடத்தை ராகம்போட்டு ஒப்பித்துக்கொண்டே நடப்பான். இவள் புளியங்காயை உப்பில் தொட்டுத் தின்றபடி 'ம்' கொட்டுவாள். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் குரல் கேட்கிற இடம் என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்த நிழல் ஒன்றுதான்.

மரத்தடியில் இளநீர் விற்கிற சகாயமேரி, கூடப் படித்தவள், சண்டைக்கே வந்துவிட்டாள்.

"ஏண்டி, அஞ்சாம் கிளாஸ்ல இதையே கடகடன்னு ஒப்பிச்சு சோப்பு டப்பா பரிசு வாங்கினவ நீதானே? இப்ப என்னடி வந்துச்சு உனக்கு?"

"தப்புன்னு தெரிஞ்சுபோச்சு மேரி. இனிமே பிள்ளைங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்லித்தர்றது?"

"மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயேன். உங்கண்ணனை நெனச்சாவது..."

இடிந்த வீடுகளிலும் அண்ணன் தங்கை இருந்திருப்பார்களே என்று அஞ்சுகம் நினைத்துக்கொண்டாள். அன்றைக்குக் காலைப் பிரேயரில் கீழ்ப்பாதியை உரக்கப் படித்துவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் மரங்கள் வேரை உதறிக்கொண்டு வரிசையாக நடந்தன. கடைசி மரத்தைக் கட்டிப்பிடித்து அஞ்சுகம் ஓவென்று அழுதாள். அழுது முடிக்கும்வரை அது நின்று கொடுத்தது. பிறகு மற்ற மரங்களோடு சேர்ந்துகொள்ள வேகமாக நடந்தது.

மரங்களுக்குப் பின்னால் சாலையும் சுருட்டிக்கொண்டு போனதும், இடிபட்ட குயவர் தெரு வந்து அங்கே உட்கார்ந்துகொண்டது. டவுன் பஸ் வீடுகளுக்குள் புகுந்துதான் போகவேண்டியிருந்தது. "எல்லாரும் செருப்பைக் கழட்டிக்கங்க, அடுப்படி வருது," என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

முதல் வீட்டிலிருந்து ஒரு சிறுமி ஈரக்கையோடு பஸ் ஜன்னலருகே வந்து, உள்ளே உட்கார்ந்திருந்த அஞ்சுகத்தைக் கேட்டாள்.

"அக்கா, நான் தண்ணி ஊத்தின கன்னெல்லாம் எங்க?"

"பெரிய மரமாகி, இப்பத்தான் கிளம்பிப் போச்சும்மா."

"நல்லா வளந்துச்சா?"

"ரொம்ப நல்லா. நானும் எங்கண்ணனும் அந்த நிழல்லதான் நடப்போம்."

சிறுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, அஞ்சுகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் சிறுமியை ஏற இறங்கப் பார்த்தார். அறுநூறு வயதுக்கு எந்த வகுப்பு சரிப்படும் என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, ஐந்தாம் வகுப்பில் முன்பெஞ்சில் இடமிருக்கிறது என்றார்.