காதுக்குப் பூசிய நீலம்

தீ வைத்தது நான்தான். டிரம்மிலிருந்து இரும்பு டப்பாவுக்குப் பெயிண்ட் கரைக்கும் தின்னர் இறக்கிக்கொண்டிருந்தேன். நிறைந்ததும் தூக்கலாமென்று பேக்கிங் அக்கா கை நீட்டினாள். டிக்கென்று ஒரு பொறி, அப்புறம் எல்லாம் நெருப்பு. புருவம் இரண்டும் போய் என் முகம் உரித்த முட்டையாகிவிட்டது. அதற்கு நானே சிரித்தேன். அக்காவின் கை முழங்கைவரை வெந்ததற்கு யார் சிரிப்பது?

"அவ நைலான் துணி போட்டுட்டு வந்தா, அதுல பத்திக்கிச்சு. வேலையை விட்டு நிறுத்தியாச்சு" என்றார் சூப்பர்வைசர். என் மனைவியின் அண்ணன் வேறு.

அதே ரகத்தில் எரியாத டப்பா ஒன்றைக் கொண்டுபோய் அவர் மேசையில் டொம்மென்று வைத்தேன்.

"துணி மேல பழி போடாதீங்க, மச்சான். தின்னர் ஓட ஓட டப்பாவுல சார்ஜ் ஏறும். டப்பா நின்னது ரப்பர் விரிப்பு மேல. அது எங்க இறங்கும்? இரும்போட வெளிப்பக்கம் பூரா பரவி, கூரான விளிம்புல போய் முண்டியடிக்கும். எவ கை நீட்டுவான்னு காத்துக்கிட்டிருக்கும். அதை மண்ணுக்கு இறக்கத்தானே எர்த் கிளிப்பு?"

"அதை நீ மாட்டலையா?"

"மாட்டினேன். வழக்கமா மாட்டுற கைப்பிடிக் காதுலதான்."

"சரி மாப்ளே, கத்தாதே. வீட்ல பேசிக்கலாம்."

வீட்டிலாம்! வீட்டில் நான் வாய் திறந்த சரித்திரமே கிடையாது.

டப்பாவின் காதை, மின்தொடர்பு இருந்தால் சத்தம் போடும் டெஸ்டரால் தொட்டேன். சத்தமில்லை. பூசாமல் வெறும் இரும்பாக விட வேண்டிய காது, பளபளவென்று நீலமாயிருந்தது. போன வாரம் வெளியாட்கள் பார்வையிட வருகிறார்களென்று எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் கம்பெனியில் சம்பளம் வாங்கும் நானும் அந்தப் பெயிண்டைக் கவனிக்காமல் கிளிப்பை மாட்டியிருக்கிறேன். அடுத்த முட்டாள் பட்டம் எனக்குத்தான்.

கத்தியால் கரகரவென்று சுரண்டி, இரும்பைத் தொட்டேன். டெஸ்டர் கீச்சென்று கத்தியது. எனக்காகவும் சேர்த்துத்தான்.

"இந்தக் காதுக்கும் பூசச் சொன்னது யாரு?"

"வர்றவங்க பார்க்கறப்ப துரு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்..."

"யாருன்னு கேட்டேன். அந்தக் கையால இனி ஒரு டப்பா மூட முடியுமான்னே தெரியல. அவளுக்கு வேலையும் இல்லைன்னுட்டீங்க!"

நான் சுரண்டிய இடத்தையே அவர் பார்த்தார். விரலால் தடவினார்.

"நான்தான் சொன்னேன்."

"பெயிண்ட் மேல கிளிப்பு மாட்டினா சார்ஜ் இறங்காதுன்னு தெரியுமா?"

கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை மாப்ளே என்று ஆரம்பிக்கவில்லை.

"தெரியும். அவ மேல ஒரு தப்பும் இல்ல."